துடைத்தும் மங்கல் போகாத கண்ணாடி: உரும்பிராயில் ஒரு காரும் ஒரு வீடும்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நல்ல கிளாஸ் கிளீனர் எது என்று கேட்பவருக்கு ஒரு போத்தலின் பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொன்னால் அவருடைய கண்ணாடி துப்புரவாகிவிடும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. இங்கே கண்ணாடி மங்குவதற்குப் பெரும் காரணம் அதைக் கழுவுகிற தண்ணிதான். தண்ணியை மாற்றாமல் போத்தலை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் காசுதான் போகும். உரும்பிராயில் அக்கா வீட்டில் ஒரு காரையும் சில யன்னல்களையும் வைத்து நாங்கள் பார்த்துத் தெரிந்துகொண்டதை முழுதாக எழுதுகிறேன். கிணற்றுத் தண்ணி பாவிக்கிற யாருக்கும் இது உதவும்.

முறைப்பாடு

அத்தான் வாடகைக் கார் ஓடுகிறவர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கட்டுநாயக்காவில் ஏற்றி இறக்குவதுதான் அவருடைய பெரும்பாலான ஓட்டம். அதனால் ஏ-9 வீதியில் இரவுப் பயணமே கூட. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பகல்ல ஒரு கரைச்சலும் இல்லைப் பிள்ளை. இரவில எதிர வாற லொறி லைற் அடிச்சால் கண்ணாடி முழுக்க வெள்ளையாப் பூத்துப் போகுது. றோட்டில மாடு படுத்திருந்தாலும் கிட்டப் போகுமட்டும் தெரியாது."

ஏ-9இல் இரவில் ஓடியவர்களுக்கு இது எவ்வளவு பயங்கரமான விசயம் என்று தெரியும். கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் வீதியில் மாடுகள் படுத்துக் கிடப்பது இன்றைக்கும் நடக்கிறது. காரின் அழகைப் பற்றிய கவலையாக மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு மினக்கெட்டிருக்க மாட்டேன். உயிரோடு சம்பந்தப்பட்ட விசயம் என்பதால்தான் உட்கார்ந்து பார்த்தோம்.

அக்காவின் முறைப்பாடு வேறு. குசினி யன்னலும், முற்றத்துப் பக்க யன்னல்களும், குளியலறைக் கண்ணாடியும் துடைக்கிறபோது பளிச்சென்று இருக்கின்றன, காய்ந்த பிறகு பழையபடி ஆகிவிடுகின்றன. "ஈரமா இருக்கேக்க பார்த்தால் புதுக் கண்ணாடி மாதிரி இருக்கும். காஞ்சு முடியப் பார், பால் ஊத்தின மாதிரிக் கிடக்கும்." இந்த வசனத்திலேயே பாதி விடை இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற படிவின் நுண்ணிய கரடுமுரடுகளைத் தண்ணி நிரப்பிவிட்டால் ஒளி சிதறாது, கண்ணாடி தெளிவாகத் தெரியும். தண்ணி காய்ந்ததும் அந்தப் படிவு திரும்ப ஒளியைச் சிதறடிக்கும். ஆக, ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் வருகிற மங்கல் என்றால் பெரும்பாலும் அங்கே ஒரு படிவு இருக்கிறது, அது துடைப்பில் போகவில்லை என்று அர்த்தம்.

அதற்கு முதல் அவர்கள் செய்து பார்த்தவை பல. கடையில் விற்கிற நீல நிறத் திரவம், பாத்திரம் கழுவுகிற லிக்குயிட், பழைய பத்திரிகைத் தாள், யாரோ சொன்னார்கள் என்று பற்பசை, இன்னொருவர் சொன்னார் என்று தேசிக்காய்ப் பாதி. சேர்விஸ் செய்கிற ஒரு இடத்தில் உள்ளேயும் ஏதோ அடித்து மினுக்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரவில் இன்னும் மோசமாகிவிட்டது என்பது அத்தானின் குற்றச்சாட்டு. அது சரியான குற்றச்சாட்டுத்தான், காரணம் பின்னால் வரும்.

ரோச் லைற்றில் தெரிந்தது

பகலில் கண்ணாடியைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இருட்டிய பிறகு காரைக் கொட்டிலுக்குள் விட்டு, ஒருவர் உள்ளே இருந்து பார்க்க, மற்றவர் வெளியே நின்று ரோச் லைற்றைச் சரிவாகப் பிடித்தோம். நேராக அடித்தால் கண் கூசுமே தவிர ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், கண்ணாடியை உரசிக்கொண்டு போகிற மாதிரி ஒளி விழ வேண்டும். அப்போது முன்கண்ணாடியில் உள்ளதெல்லாம் வரைபடம் போட்டது போலத் தெரிந்தது.

வைப்பர் போய்வருகிற வளைவுக்குள் மெல்லிய வெண்படலம். அந்த வளைவுக்கு வெளியே, இரண்டு ஓரங்களிலும் உச்சியிலும், வட்ட வட்டமாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் விளிம்பும் தடிப்பு, நடு மெலிவு. ஒரு துளி நின்று காய்ந்த இடம் என்று பார்த்ததுமே விளங்கும். நகத்தால் மெதுவாக இழுத்தால் சொரசொரவென்று தட்டுப்பட்டது. இதெல்லாம் வெளிப்பக்கம். உட்பக்கத்தில் விரலை வைத்தால் சொரசொரப்பு இல்லை, மாறாக விரல் வழுக்கியது, விரல் போன பாதை கோடாக நின்றது. டாஷ்போட்டுக்கு நேரே மேலே, கண்ணாடியின் கீழ்ப்பாதியில்தான் அது கூட.

பிறகு அத்தான் பொனற்றைத் திறந்தபோது, கண்ணாடிக்குத் தண்ணி பீச்சுகிற துளைகளைச் சுற்றி வெள்ளையாகக் கல் பிடித்திருந்தது. ஒரு துளை கிட்டத்தட்ட அடைபட்டிருந்தது. "இதுக்குள்ள என்ன தண்ணி ஊத்துறனீங்கள்?" என்று கேட்டேன். "வேற என்ன, கிணத்துத் தண்ணிதான்" என்றார். கேத்தலின் அடியில் படிகிற அதே கல்தான் அந்தத் துளையைச் சுற்றி இருந்தது. கண்ணாடி அழுக்கென்று அவர் பொத்தானை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கல்லையே கரைசலாகக் கண்ணாடியில் பீச்சி, வைப்பரால் மெல்லியதாகப் பரப்பி, ஓட்டக் காற்றில் காயவைத்துக் கொண்டிருந்திருக்கிறார். வளைவுக்குள் படலமும் வளைவுக்கு வெளியே புள்ளிகளும் இருந்ததன் காரணம் அதுதான். காரைக் கிணற்றடியில் கழுவி வெயிலில் காயவிட்டது மீதிக் காரணம்.

தண்ணி ஏன் இப்படி

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது, அதைத்தான் கிணறு வெட்டி எடுக்கிறோம். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்தக் கல்லுக்குள் தண்ணி ஓடுவதை நாங்கள் கண்ணால் பார்க்கக்கூடிய இடங்கள்.

மழைத்தண்ணி காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு இறங்குவதால் அது மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லில் உள்ள கல்சியம் காபனேற்றைக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்றாகத் தண்ணிக்குள் வைத்திருக்கும். கண்ணாடியில் துளி காயும்போது இந்தத் தாக்கம் திரும்பி நடக்கிறது. காபனீரொட்சைட்டு காற்றுக்குப் போகிறது, கரையாத கல்சியம் காபனேற்று கண்ணாடியில் நிற்கிறது. தண்ணியைச் சூடாக்கினாலும் இதுவே நடக்கும். வெயிலில் கொதிக்கிற கார்க் கண்ணாடியில் தண்ணி ஊற்றினால் ஆவியாவதும் சூடும் சேர்ந்து வேலை செய்து படிவை விரைவாக்குகின்றன.

அளவையும் ஒருக்கால் யோசித்துப் பார்க்கலாம். ஒரு லீற்றரில் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால் 180 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணியை மிக வன்மையான நீர் என்று வகுப்பார்கள். ஒரு கிணற்றில் 300 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்து லீற்றர் வாளி ஒன்றில் 3 கிராம் கல் கரைந்து கிடக்கிறது. கழுவி முடிய அதில் எவ்வளவு துளிகள் துடைக்கப்படாமல் காய்கின்றனவோ அவ்வளவும் கண்ணாடியில் தங்கும்.

உரும்பிராய்க்காரர் தங்கள் தண்ணியைக் குறைவாகச் சொல்லப் பொறுக்க மாட்டார்கள். கரையோரத்து உவர்த் தண்ணியோடு பார்க்கும்போது அவர்களுடையது நல்ல தண்ணிதான், அதில் மறுபேச்சு இல்லை. குடிக்க நல்லதாக இருப்பது வேறு, கண்ணாடியில் காயவிட நல்லதாக இருப்பது வேறு. உவர் உள்ள இடங்களில் கல்லோடு உப்பும் சேர்ந்து படியும். உப்பு வெறும் தண்ணியில் கரைந்துவிடும், அதற்கு விசேடமான திரவம் தேவையில்லை. பண்ணைப் பாலத்தாலும் ஆனையிறவாலும் அடிக்கடி போய்வருகிற வாகனங்களில் கடற்காற்றின் உப்பு படிவதும் அப்படித்தான், மென்னீரால், அதாவது கல் கரைந்திராத தண்ணியால், ஒருக்கால் ஊற்றிவிட்டால் போய்விடும். கல் அப்படிப் போகாது.

கட்டம் கட்டிப் பார்த்தது

எந்தத் திரவம் எதைக் கரைக்கிறது என்று பார்க்கப் பயணி இருக்கும் பக்கத்து முன்கண்ணாடியில் மாஸ்கிங் ரேப்பால் கட்டங்கள் ஒட்டினோம், உள்ளேயும் வெளியேயும். நிழலில், கண்ணாடி ஆறிய பிறகு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு திரவம், ஒரு புதுத் துணி. ஒரே துணியை எல்லாவற்றுக்கும் பாவித்தால் சோதனையே பழுதாகிவிடும்.

வெளிப்பக்கத்தில் நீலத் திரவம் தூசியை எடுத்தது, புள்ளிகளை அசைக்கவில்லை. அது நியாயம்தான். அந்த வகைத் திரவங்கள் பெரும்பாலும் தண்ணி, கொஞ்சம் அற்ககோல், அழுக்ககற்றி, சிலவற்றில் அமோனியா சேர்ந்தவை. அமோனியா காரம், கல்சியம் காபனேற்றைக் கரைக்கக் காரத்தால் முடியாது, அமிலம் வேண்டும். பாத்திரம் கழுவுகிற லிக்குயிட்டும் அப்படியே. வினாகிரி வைத்த கட்டத்தில்தான் மாற்றம் தெரிந்தது. பாதிக்குப் பாதி மழைத்தண்ணி கலந்து, ரிசுத் தாளில் நனைத்து ஒட்டிவிட்டு, காயவிடாமல் இடைக்கிடை நனைத்துக்கொண்டு சில நிமிடம் விட்டோம். தாளை எடுத்ததும் நகத்துக்குச் சொரசொரப்பு இல்லை. ரேப்பைக் கழற்றி ரோச் அடித்தபோது அந்தக் கட்டம் மட்டும் கறுப்பாக, ஓட்டை விழுந்த மாதிரித் தெளிவாக நின்றது. அத்தான் விரலால் அந்த விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தார்.

உட்பக்கத்தில் விசயம் தலைகீழாக இருந்தது. அங்கே வினாகிரி ஒன்றும் செய்யவில்லை, வழுக்கலை இழுத்துப் பூசியது, அவ்வளவுதான். நீலத் திரவம் பாதி எடுத்தது, மீதியைக் கோடாக விட்டது. ஐசோபுரோப்பைல் அற்ககோல் வைத்த கட்டம்தான் சுத்தமாக வந்தது.

இரண்டு பக்கமும் இரண்டு வேறு அழுக்கு. ஒரே போத்தலால் இரண்டையும் எடுக்கப் போனதால்தான் இவ்வளவு காலமும் ஒன்றும் சரிவரவில்லை.

உட்பக்கத்துப் படலம்

இது எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. கண்ணாடி பூட்டியே இருக்கிறது, சிகரெட்டும் இல்லை, பிறகு எப்படி அழுக்கு? டாஷ்போட்டின் பிளாஸ்டிக்கை வளையக்கூடியதாக வைத்திருக்க அதற்குள் சில எண்ணெய்த்தன்மையான பதார்த்தங்கள் சேர்க்கிறார்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் டாஷ்போட்டின் வெப்பநிலை 70 பாகை செல்சியசை எட்டக்கூடும். அந்தச் சூட்டில் இவை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, இரவில் குளிர்ந்த கண்ணாடியில் ஒடுங்குகின்றன. பங்குனி, சித்திரை வெயிலில் நிழலில்லாத இடத்தில் நிற்கிற காருக்கு இது கூடவே நடக்கும். அதன்மேல் டாஷ்போட்டை மினுக்கவென்று சிலிக்கோன் எண்ணெய் ஸ்பிறே அடித்தால் சொல்லத் தேவையில்லை. அடிக்கும்போதே அதன் நுண்துளிகள் கண்ணாடியிலும் படிந்துவிடும். சேர்விசுக்குப் பிறகு அத்தானுக்கு இரவில் இன்னும் மோசமாகத் தெரிந்தது இதனால்தான் என்பது என் கணிப்பு. இப்போது அவர் டாஷ்போட்டுக்கு ஈரத்துணி போதும், மினுக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டுத்தான் காரை விடுகிறார்.

மழைக்காலத்தில் உட்பக்கம் பனிப்புகார் பிடிப்பதும் இந்தப் படலத்தால் கூடும். சுத்தமான கண்ணாடியில் ஈரம் மெல்லிய தாளாகப் பரவும், அதனூடே ஓரளவு பார்க்கலாம். எண்ணெய்ப் படலம் இருந்தால் அது குட்டிக் குட்டித் துளிகளாக நின்று பார்வையை மறைக்கும். கண்ணாடி சுத்தமா இல்லையா என்று அறிய இதையே ஒரு பரீட்சையாகவும் வைத்துக்கொள்ளலாம்: வாயால் ஊதிப் பாருங்கள், ஊதிய ஈரம் சீராகப் பரவி மறைந்தால் சரி, திட்டுத் திட்டாக நின்றால் இன்னும் படலம் இருக்கிறது.

அற்ககோல் வாங்கும்போது ஒரு விசயத்தில் கவனம் வேண்டும். பாமசியில் ஸ்பிரிட் என்று கேட்டால் சில வேளை ஆமணக்கெண்ணெய் கலந்த சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கிடைக்கும். தோலுக்கு நல்லது, கண்ணாடியில் எண்ணெய்ப் பூச்சு விடும். 2020க்குப் பிறகு எல்லார் வீட்டிலும் மிஞ்சிக் கிடக்கிற கை சுத்திகரிப்புத் திரவமும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட செய்முறையிலேயே தோல் வறளாமல் இருக்க 1.45 வீதம் கிளிசரோல் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. கையிருப்பு இருக்கிறதே என்று அதைக் கண்ணாடியில் பூசினால் அற்ககோல் பறந்துவிடும், கிளிசரோல் நிற்கும். ஒன்றும் சேர்க்காத 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துப்புரவான கண்ணாடித் தம்ளரின் மேல் நாலு துளி விட்டுக் காயவிட்டுப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சக்கூடாது.

நாங்கள் பாவிக்கிற கலவை

உட்பக்கத்துக்கு: அந்த 70 வீத அற்ககோலும் அதே அளவு பற்றறித் தண்ணியும், ஒரு ஸ்பிறே போத்தலில். பற்றறித் தண்ணி என்று நான் சொல்வது வாகன உதிரிப்பாகக் கடைகளில் விற்கிற காய்ச்சி வடித்த நீர். பற்றறிக்கு ஊற்றுகிற அமிலமும் பக்கத்திலேயே இருக்கும், அது சல்பூரிக்கமிலம், மாறி எடுத்துவிட வேண்டாம். கலவையைக் கண்ணாடியில் நேரே அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். நேரே அடித்தால் டாஷ்போட்டில் வழிந்து வெள்ளைத் திட்டு விழும். ஒரு துணி ஈரம், ஒரு துணி காய்ந்தது. ஈரத்துணி படலத்தைக் கரைக்கும், அது காய்வதற்குள் காய்ந்த துணி அதை எடுத்துவிட வேண்டும். காய விட்டால் கரைந்தது அப்படியே திரும்ப உட்காரும். கதவுகளைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அற்ககோல் தீப்பற்றக்கூடியது.

உள்ளே மேலும் கீழுமாகவும் வெளியே இடமும் வலமுமாகவும் துடைப்பது நல்ல பழக்கம். பிறகு ஒரு கோடு தெரிந்தால் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கோட்டின் போக்கே சொல்லும்.

வெளிப்பக்கத்துக்கு: செயற்கை வினாகிரியும் மென்னீரும் பாதிக்குப் பாதி. தென்னங்கள்ளு, பனங்கள்ளு வினாகிரிகள் சமையலுக்கு அருமையானவை, ஆனால் அவற்றில் நிறமும் வேறு பதார்த்தங்களும் இருப்பதால் கண்ணாடியில் தடம் விடும். தேசிக்காயிலும் அமிலம் இருக்கிறது, கூடவே சீனியும் சக்கையும் இருக்கின்றன. ஒட்டும், எறும்பும் வரும். தடித்த கல்லுக்கு வினாகிரி போதாவிட்டால், கோடியல் செய்யப் பாவிக்கிற சித்திரிக்கமிலத் தூளை அரை லீற்றர் மென்னீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்துப் பாவிக்கலாம். வாசமும் இல்லை. எதைப் பூசினாலும் காரின் நிறப்பூச்சிலும் றப்பரிலும் நின்று காய விடாமல் கடைசியில் மென்னீரால் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்தக் கடைசித் தண்ணி கிணற்றுத் தண்ணியாக இருந்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

மென்னீருக்கு எங்கே போவது? ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வானம் சும்மா தருகிறது. முதல் மழையைக் கூரை கழுவ விட்டு, பிறகு வருகிறதைத் துணியால் வடித்து மூடிய பிளாஸ்டிக் கானில் வைத்தால் பல மாதம் கிடக்கும். ஏசி உள்ள வீட்டில் அதிலிருந்து வடிகிற தண்ணியும் ஆவியிலிருந்து ஒடுங்கியது என்பதால் அதில் கல் இல்லை, தூசியை வடித்துவிட்டுப் பாவிக்கலாம். மற்றக் காலத்தில் பற்றறித் தண்ணி. ஒரு முன்கண்ணாடிக்குக் கடைசி அலசலுக்கு ஒரு லீற்றர் காணும், அது பெரிய செலவில்லை.

காரின் தண்ணித் தாங்கியைக் காலி செய்து, வினாகிரி கலந்த தண்ணியை ஒருக்கால் நிரப்பிப் பீச்சி வெளியேற்றி, துளைகளை மெல்லிய ஊசியால் குத்திவிட்டோம். இப்போது அதில் மழைத்தண்ணியும் ஒரு சிறு பங்கு அற்ககோலும்தான். வைப்பர் றப்பரின் விளிம்பை அற்ககோல் துணியால் துடைத்தபோது துணி கரிக்கட்டையாகக் கறுத்தது. அந்தக் கறுப்பு வராமல் நிற்கும் வரை துடைக்க வேண்டும், வெடிப்பு இருந்தால் றப்பரை மாற்றத்தான் வேண்டும்.

டின்ட் ஒட்டிய பக்கக் கண்ணாடிகளுக்கு வேறு சட்டம். அமோனியா உள்ள எதையும் உட்பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், படலமும் பசையும் பழுதாகும். மெல்லிய சவர்க்காரத் தண்ணியும் மென்மையான துணியும் போதும். பின்கண்ணாடியில் சூடேற்றும் கம்பிக் கோடுகள் இருந்தால் கோட்டின் வழியே துடையுங்கள், குறுக்கே அழுத்தித் தேய்க்க வேண்டாம். சுரண்டுகிற சவர பிளேட்டை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

வீட்டு யன்னல்கள்

வீட்டில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒவ்வொரு கதை. குசினி யன்னலில் தாளிப்புப் புகையின் எண்ணெயும் அதில் ஒட்டிய தூசியும். அதற்கு இளஞ்சூட்டுத் தண்ணியில் பாத்திரம் கழுவுகிற லிக்குயிட் ஒரு துளிதான், அதற்கு மேல் வேண்டாம். லிக்குயிட் கூடினால் அதுவே படலமாக நிற்கும். கழுவியதும் றப்பர் விளிம்பு வைத்த வழிப்பானால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக வழித்துவிட்டால் துடைக்கவே தேவையில்லை. காய்வதற்குத் தண்ணி நிற்காவிட்டால் கல் படியவும் வழியில்லை.

முற்றத்துப் பக்க யன்னல்களின் கீழ்ப்பாதி மட்டும் வெள்ளையாக இருந்தது. குரோட்டனுக்கும் செவ்வரத்தைக்கும் பின்னேரம் குழாயால் தண்ணி அடிக்கும்போது தெறித்த தண்ணி. வினாகிரியால் எடுத்தோம், குழாயின் திசையையும் மாற்றினோம். இங்கே ஒரு எச்சரிக்கை: வினாகிரி சீமெந்துப் படியையும் டெராசோ நிலத்தையும் மாபிளையும் அரிக்கும், ஏனென்றால் அவற்றிலும் அதே கல்சியம் காபனேற்றுத்தான் இருக்கிறது. யன்னலுக்குக் கீழே ஈரத்துணி ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அலுமினியச் சட்டத்திலும் அமிலம் நிற்க விடாதீர்கள்.

சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் வலிகாமத்துச் செம்பாட்டு மண் யன்னலெல்லாம் சிவப்பாகப் படியும். அதைக் காய்ந்த துணியால் தட்டித் துடைப்பது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிறது, அதுதான் கண்ணாடியைக் கெடுக்கிற பழக்கம். அந்தத் தூசிக்குள் மணல் துகள்கள் இருக்கின்றன, கண்ணாடியில் கீறல் போட அவை போதும். முதலில் தண்ணியால் ஊற்றி இறக்க வேண்டும், அதற்குக் கிணற்றுத் தண்ணி தாராளமாகப் போதும், கடைசி அலசல்தான் மென்னீர்.

குளியலறைக் கண்ணாடியில் கல்லும் சவர்க்காரமும் சேர்ந்து படிந்திருந்தது. வன்னீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து போவது எல்லாருக்கும் பழக்கமான காட்சி, அந்தத் திரைதான் கண்ணாடியிலும் ஒட்டுகிறது. வினாகிரி இதையும் எடுத்தது. ஆனால் முகம் பார்க்கிற கண்ணாடியில் அமிலம் ஓரத்தால் வழிந்து பின்பக்கம் போனால் ரசம் கறுத்துவிடும், ஆகவே ஊற்றக்கூடாது, துணியில் நனைத்து நடுவிலிருந்து துடைக்க வேண்டும்.

துணிகளும் இந்த விசயத்துக்குள் வருகின்றன. மைக்ரோபைபர் துணியைச் சவர்க்காரக் கட்டியால் கிணற்றடியில் தோய்த்தால் அந்தத் திரை துணியின் இழைக்குள் போய், அடுத்த தடவை கண்ணாடிக்கு வரும். வாசனைக்காகப் போடுகிற துணி மென்மையாக்கியும் இழையில் கொழுப்புப் பூச்சு விடும். சலவைத் தூளில் தோய்த்து, கடைசியில் மழைத்தண்ணியில் அலசிக் காயவிடுவதே அக்காவின் இப்போதைய வழக்கம். பழைய பத்திரிகைத் தாள் மோசமில்லை, பஞ்சு விடாது, ஆனால் மை யன்னல் சட்டத்தின் வெள்ளைப் பூச்சில் ஏறும். பற்பசையும் அடுப்புச் சாம்பலும் தேய்த்து எடுக்கிற வகை. கார்க் கண்ணாடியில் இரவில் தெரிகிற நுண்கீறல்களை யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடாது. மண்ணெண்ணெயும் பெற்றோலும் பற்றி ஒரு வரி போதும்: எண்ணெய் விடும், தீப்பிடிக்கும், வேண்டாம்.

இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குப் போடக் குளோறின் தூள் பல வீடுகளில் வைத்திருப்பார்கள். குளியலறை கழுவவும் அதையே எடுப்பார்கள். குளோறின் தூளோடோ வெளுக்கிற திரவத்தோடோ வினாகிரி சேர்ந்தால் குளோறின் வாயு வரும். அமோனியா உள்ள கிளாஸ் கிளீனர் சேர்ந்தால் குளோரமீன் வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும். சின்னக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கலவையைச் செய்தால் ஆபத்து. ஒன்று பாவித்த இடத்தை நன்றாகக் கழுவிய பிறகு, வேறு ஒரு நாளில் மற்றதைப் பாவியுங்கள். கல் எடுக்கவென்று விற்கிற சில கடும் திராவகங்களில் ஐதரோபுளோரிக்கமிலம் இருக்கலாம்; அது கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் எலும்பு வரை போகும். வீட்டுக்குள் அதற்கு இடமில்லை.

எடுக்க முடியாமல் நின்றவை

முன்கண்ணாடியில் இப்போது ரோச் அடித்தால் வெண்படலம் இல்லை. அத்தான் இரவில் ஓடிவிட்டு வந்து, எதிர் லைற் தனித்தனி லைற்றாகத் தெரிகிறது என்கிறார். ஓட்டத்தின்போது விழுந்த கற்களின் சிறு குழிகள் மட்டும் பொட்டுப் பொட்டாக மினுங்கும், அதற்கு எந்தத் திரவமும் உதவாது.

பக்கக் கண்ணாடி ஒன்றில் சில வட்டங்கள் வினாகிரிக்கும் சித்திரிக்கமிலத்துக்கும் அசையவில்லை. நகத்துக்குத் தட்டுப்படவும் இல்லை. மேலே இருந்த கல் போய்விட்டது. அது நீண்ட காலம் கிடந்த இடத்தில் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. இதற்குச் சீரியம் ஒட்சைட்டுப் பொடியைக் குழைத்து இயந்திரத்தால் மினுக்குவார்கள். பக்கக் கண்ணாடியில் அனுபவமுள்ளவர் செய்தால் செய்யலாம். முன்கண்ணாடியில் வேண்டாம், ஓரிடத்தில் கூடத் தேய்ந்தால் அதனூடே தெரிகிற வீதி நெளியும். வீட்டிலும் முற்றத்துப் பக்க யன்னல் ஒன்றில் அப்படியே ஒரு ஓரம் நிற்கிறது. வீடு கட்டிய காலத்தில் மேலே பூசிய சீமெந்துத் தண்ணி வழிந்து காய்ந்த தடம் அது. சீமெந்தின் காரம் கண்ணாடியை அரித்துவிட்டது. அக்கா அந்த ஓரத்துக்கு நேரே பூச்சாடி ஒன்றை வைத்திருக்கிறா. பக்கக் கண்ணாடி வட்டங்களை அத்தான் அப்படியே விட்டுவிட்டார், அந்தக் கண்ணாடியை இறக்கினால் அவை கதவுக்குள் போய்விடுகின்றன.